கோகுவுக்குக் குரல் கொடுப்பது ஒரு பாட்டியா?

கேள்வி: இங்கே எங்கள் வீட்டில் டிராகன் பால் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பிரெஞ்சில்தான் ஓடும். அதன் நாயகன் கோகு. சின்ன கோகுவுக்குப் பெண் குரல், வளர்ந்த கோகுவுக்கு ஆண் குரல். ஜப்பானிய மொழியில் இரண்டுமே ஒரே பாட்டிதான் என்கிறான் என் பேரன். நிஜமா?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: பேரன் சொன்னது சரிதான் அம்மா. அவர் பெயர் மசாகோ நோசாவா, 1936-ல் டோக்கியோவில் பிறந்தவர். 1986-ல் வாலோடு திரிந்த சின்னப் பையன் கோகுவாகப் பேச ஆரம்பித்தார், கோகு வளர்ந்து கல்யாணம் கட்டி பிள்ளை பெற்ற பிறகும் அவரை மாற்றவில்லை. அதோடு விட்டார்களா, கோகுவின் மகன்கள் கோஹான், கோட்டன், அப்பா பார்டாக் என்று மூன்று தலைமுறையையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்! அப்பனும் மகனும் சண்டை போட்டால் இரண்டு பக்கமும் அவரேதான்.

பையன் வேடத்துக்கு எதற்குப் பெண் என்றால், நிஜப் பையனுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் குரல் உடைந்துவிடும், தொடரோ நிற்காமல் ஓடும். கோகுவுக்கு முன்பே, 1968-ல் கிதாரோ என்ற பேய்ப் பையனுக்கும் இவர்தான் பேசினார்.

ஒரே பாத்திரத்துக்கு வீடியோ கேம்களில் நீண்ட காலம் பேசியதற்காக 2017-ல் கின்னஸ் சாதனையும் வந்தது. 2024-ல் வந்த டிராகன் பால் டைமா தொடரில் கோகு மறுபடியும் குட்டியாகிவிடுகிறான், 88 வயதை எட்டிய நோசாவாதான் அதற்கும் குரல். எனக்கு மாடிப்படி ஏறினாலே குரல் வருவதில்லை. பேரனிடம் ஒருநாள் ஜப்பானிய ஒலியில் போடச் சொல்லிக் கேளுங்கள்.