ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இல்லாதவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்குக் கோல்ஃப் கற்றுத்தந்த ஆசான் சென்ற மாதம் காலமானார். ஒரே கிளப்பில் கடைசிவரை பயிற்சியாளராக இருந்தவர். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகன்கள் கேட்கிறார்கள். உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. அவர் பெரிய போட்டி எதிலும் வென்றதில்லை. அமெரிக்க கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் இறந்தபோது உலகமே துக்கப்பட்டது, அவர் பெயரில் விருதுகூட இருக்கிறது. என் ஆசானைப் பற்றி இணையத்தில் ஒரு வரி கிடையாது. ‘சிறந்த பயிற்சியாளர், அன்பான குடும்பத் தலைவர்’ என்பதற்கு மேல் என்ன எழுதுவது? பணக்காரர்களின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் இதைப் படிப்பார்களா? கடைசி நாட்களின் நோயைக் குறிப்பிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் ஆசானுக்கு என் அஞ்சலி. கடைசி இரண்டு கேள்விகளை முதலில் தள்ளிவிடுகிறேன். யார் படிப்பார்கள் என்பது நினைவு மலருக்கு எழுதுகிறவரின் கவலையே அல்ல. நோயைப் பற்றி அவருடைய பிள்ளைகளிடம் கேளுங்கள், அது அவர்கள் வீட்டு விஷயம்.

‘பெரிய போட்டி எதிலும் வென்றதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் பணத்துக்கு ஆடுவது ஒரு தொழில். ஒரு கிளப்பில் காலூன்றி, வருகிறவர்களுக்கெல்லாம் ஆட்டத்தைக் கற்றுத்தருவது இன்னொரு தொழில். இரண்டிலும் இருப்பவர்கள் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரர்கள்தான். இரண்டாவதைத் தேர்ந்தவரை முதலாவதில் தோற்றவராக எண்ணி, அவருக்காக நீங்கள் வெட்கப்படுகிறீர்கள். அவர் உங்களை வெட்கப்படச் சொன்னாரா?

சில நாட்களாக ஹார்வி பெனிக்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த வேளையில்தான் உங்கள் கடிதம் வந்தது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் 1904இல் பிறந்தவர். எட்டு வயதில் அவ்வூர் கோல்ஃப் கிளப்பில் பிறருடைய மட்டைப் பையைச் சுமக்கத் தொடங்கினார். பிறகு அதே கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவரும் போட்டிகளில் ஆடிப் பார்த்தவர்தான். ஹூஸ்டனில் சாம் ஸ்னீட் என்ற இளைஞர் பந்தை அடித்த ஓசையைக் கேட்டதும், தன் இடம் போட்டியில் இல்லை, கற்றுத்தருவதில்தான் என்று முடிவு செய்தார். அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. தான் கவனித்ததையெல்லாம் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1992இல், 87 வயதில், அது புத்தகமாக வந்தது. பதிப்பகம் முன்பணம் தரச் சம்மதித்த செய்தி வந்தபோது, அவ்வளவு பணத்தைத் தான்தான் கட்ட வேண்டுமாக்கும் என்று நினைத்து அந்த மனிதர் கலங்கிப்போனார். தான் அறிந்ததற்கு ஒருவர் விலை கொடுப்பார் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை.

1995 ஏப்ரல் 2 அன்று பெனிக் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் தன் மாணவர் பென் கிரென்ஷாவைப் படுக்கையின் அருகில் நிறுத்தி, தரைவிரிப்பின்மீது பந்தை உருட்டுவதுபோல் மட்டையை ஆட்டிக் காட்டச் சொல்லித் திருத்தியிருந்தார். புதன்கிழமை கிரென்ஷாவும் இன்னொரு மாணவர் டாம் கைட்டும் ஆசானின் சவப்பெட்டியைச் சுமந்துவிட்டு அகஸ்டாவுக்குத் திரும்பினார்கள். மறுநாள் அங்கே மாஸ்டர்ஸ் தொடங்கியது, கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்று, நான்கு நாள் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்து குழிக்குள் விழுந்ததும், வென்ற கிரென்ஷா அங்கேயே குனிந்து தேம்பி அழுதார். விதிப்படி ஒருவர் 14 மட்டைகள்தான் வைத்துக்கொள்ளலாம். தன் பையில் 15ஆவதாக ஹார்வி பெனிக் இருந்தார் என்று அவர் சொன்னார்.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். ஒரே அடி வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தவர் யார் என்று பாருங்கள். மூன்றாம் டேவிஸ் லவ். அவருடைய தந்தை இரண்டாம் டேவிஸ் லவ், டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பெனிக்கிடம் கற்றவர். 1964 மாஸ்டர்ஸில் முதல் நாள் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர். அந்தப் போட்டி முடிந்த மறுநாள் பிறந்த குழந்தைதான் இந்த மகன். தந்தையும் போட்டி வாழ்க்கையைவிட்டுப் பயிற்சியாளர் ஆனார். 1988இல் ஒரு விமான விபத்தில் மறைந்தார். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் இரண்டு இடங்களுக்கும் வந்தது ஒரு கிளப் பயிற்சியாளரின் பாடம். ஒருவருக்கு நேராக, இன்னொருவருக்குத் தந்தை வழியாக. உங்கள் ஆசானிடம் கற்றவர்கள் இப்போது யாருக்குக் கற்றுத்தருகிறார்கள் என்று விசாரித்தீர்களா?

இனி, ‘அன்பான குடும்பத் தலைவர்.’ இந்தச் சொற்றொடரை எந்த இரங்கல் குறிப்பில் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. கிளப் பயிற்சியாளரின் வாரம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். மற்றவர்களுக்கு விடுமுறை வந்தால்தான் அவருக்கு வேலை. சனி, ஞாயிறு, பண்டிகை, பள்ளி விடுமுறை எல்லாம் ஆட்கள் ஆட வருகிற நாட்கள். விடியும் முன்னரே போய்க் கடையைத் திறக்க வேண்டும், ஆட்ட நேரங்களை ஒழுங்குசெய்ய வேண்டும், பாடம் எடுக்க வேண்டும், அடுத்த போட்டிக்குப் பட்டியல் போட வேண்டும். எந்தக் குடும்பமும் ஒன்றாக உட்காரும் அந்த நாளில் அவர் வீட்டில் இல்லை. அப்படிப்பட்டவரைக் குடும்பத் தலைவர் என்று பிள்ளைகள் மனமாரச் சொல்கிறார்கள் என்றால், அவர் எந்த நேரத்தில், எதைச் செய்து அந்தப் பெயரைச் சம்பாதித்தார்? நீங்கள் எழுத வேண்டிய பக்கம் இதுதான். இதை எழுதாமல் அந்தப் பட்டத்தை மட்டும் எழுதினால், அவர் பட்ட பாட்டை நீங்களே மூடி மறைக்கிறீர்கள்.

என் பள்ளித் தோழனின் தந்தை இந்தத் தொழிலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை நான் அந்த வீட்டில் கண்டதே இல்லை. வாரநாட்களின் இரவுகளில் அவருடைய மேசை நிறைய ஆட்டக்காரர்களின் மட்டைகள் கிடக்கும். வைஸ் என்னும் பிடிப்புக் கருவியில் ஒரு மட்டையை இறுக்கிவிட்டு, தண்டு சுழலாதபடி மகனைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். வளைந்த கத்தியால் பழைய ரப்பர்ப் பிடியைக் கீறி உரிப்பார். ஒட்டியிருக்கும் பிசினைச் சுரண்டிவிட்டு, இருபுறமும் ஒட்டும் நாடாவைத் தண்டில் சுற்றுவார். புதுப் பிடியின் நுனித் துளையை விரலால் அடைத்து, உள்ளே கரைப்பானை ஊற்றிக் குலுக்கி, அதையே நாடாவின் மேலும் வழியவிடுவார். பிறகு ஒரே மூச்சில் பிடியைத் தண்டின்மேல் ஏற்ற வேண்டும். தயங்கினால் பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும், பிடியை அறுத்தெறிய வேண்டியதுதான். அந்தக் கடைசி நொடியில் மட்டும் பேச்சு நிற்கும். மற்ற நேரமெல்லாம் அவன் பள்ளிக் கதை சொல்வான், அவர் கேட்பார். கணக்குப் பாடத்தில் அவன் தோற்றதை அங்கேதான் சொன்னான். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. எந்தக் கணக்கு என்று மட்டும் கேட்டார். மேசையின் மறுமுனையில் அவன் அம்மா, எந்த மட்டை யாருடையது, எவ்வளவு பாக்கி என்று சீட்டு எழுதிக் கட்டிக்கொண்டிருப்பார். பாடத்துக்கு நேரம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளையும் அவர்தான் எடுப்பார்.

இங்கேதான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஆசான் வருகிறார், மகன்கள் வருகிறார்கள், பெய்ன் ஸ்டூவர்ட்கூட வருகிறார். ஆசானின் மனைவி எங்கே? அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த வீட்டைத் தனியாக நடத்தியவர் யார்? அந்த அம்மாவைக் கேட்காமல் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.

ஸ்டூவர்ட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரையும் தவறாகத்தான் நினைவுவைத்திருக்கிறீர்கள். 1999 ஜூனில் பைன்ஹர்ஸ்ட்டில், கடைசிக் குழியில் சுமார் 15 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் இட்டு அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார். வென்ற கையோடு, தோற்ற ஃபில் மிக்கெல்சனின் முகத்தை இரு கைகளிலும் ஏந்தி, நீ தந்தையாகப் போகிறாய் என்றார். மறுநாள் மிக்கெல்சனுக்குக் குழந்தை பிறந்தது. செப்டம்பரில், அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பை அமெரிக்காவுக்கு உறுதியான பின், பார்வையாளர்களின் வசவுகளை நாளெல்லாம் தாங்கிய ஐரோப்பிய எதிராளி மான்ட்கமரிக்குக் கடைசிக் குழியை விட்டுக்கொடுத்து, தன் ஆட்டத்தைத் தோற்றார். அடுத்த மாதம் விமானம் விழுந்து 42 வயதில் இறந்தார். அவர் வென்ற மூன்று பெரிய போட்டிகளையும் வரிசையாகச் சொல்லத் தெரியாதவர்கள்கூட இந்த இரண்டையும் சொல்வார்கள்.

ஆகவே, மகன்களிடம் கேளுங்கள்: அப்பா எந்தக் கிழமை வீட்டில் இருப்பார், அன்று என்ன செய்வார்? அம்மாவிடம் அதையே தனியாகக் கேளுங்கள், பதில் வேறாக இருக்கும். உங்களுக்கு அவர் கற்றுத்தந்த முதல் பாடத்தை, அவர் கை உங்கள் கையின்மேல் எங்கே இருந்தது என்பதுவரை எழுதுங்கள். போட்டி விவரங்களுக்கு ஒரு வரி போதும். எழுதி முடித்ததும் மகன்களிடம் கொடுக்கும் முன் அந்த அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொல்வதை மறுபேச்சின்றி அடித்துவிடுங்கள். மலர் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்.