அறுபது புள்ளி வித்தியாசம்

அன்புள்ள அக்கா,

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன். கனெக்டிகட் பெண்கள் அணி தொடர்ந்து 111 ஆட்டங்கள் ஜெயித்ததை, யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஆண்கள் அணி தொடர்ந்து ஜெயித்த 88-க்கு மேலே வைக்கிறீர்கள். பெண்கள் ஆட்டத்தில் நாலைந்து அணிகள் போக மற்றதெல்லாம் சும்மாதானே? போட்டியே இல்லாத இடத்தில் ஜெயிப்பது எப்படிச் சாதனையாகும்? ஆண்கள் அணியோடு ஆடினால் இவர்களால் நிற்க முடியுமா? யு.சி.எல்.ஏ.வின் ஜான் வுடன், கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியம்மா, இருவரில் யார் பெரிய கோச்?

எஸ்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் மகளின் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். பழைய நோட்டு ஒன்றுக்குள்ளிருந்து ஒரு மேட்ச் டிக்கெட் விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் 'சும்மா'வைப் படித்தேன். அது ரொம்ப உறுத்திவிட்டது.

ஆண்களோடு ஆடினால் நிற்பார்களா என்பதை விடுங்கள். சலித்துப்போன கேள்வி. இவ்வளவு படிக்கிற நீங்கள் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

போட்டியைப் பற்றிப் பேசுவோம். யு.சி.எல்.ஏ.வின் அந்த 88 வந்தது 1971 முதல் 1974 வரை. அப்போது ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து (கல்லூரி அணிகளின் ஒரு குழு) ஒரே ஒரு அணிதான் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) நடத்தும் தேசியப் போட்டிக்குப் போக முடியும். 1973-இல் மொத்தமே 25 அணிகள். அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் யு.சி.எல்.ஏ.வின் பில் வால்டன் 22 முறை கூடையைப் பார்த்து எறிந்தார், 21 உள்ளே போனது. யு.சி.எல்.ஏ.வுக்கு அது தொடர்ந்து ஏழாவது பட்டம். ஆண்கள் ஆட்டத்தில் போட்டியே இல்லை என்று அதை வைத்து யாராவது சொல்கிறார்களா? பொற்காலம் என்றுதானே சொல்கிறார்கள்? அதையே பெண்கள் செய்தால் மட்டும் எதிரே ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். என்.சி.ஏ.ஏ. ஆண்களுக்குப் போட்டி நடத்த ஆரம்பித்தது 1939-இல். பெண்களுக்கு 1982-இல்தான். ஆண்களின் 35-ஆவது போட்டி எது தெரியுமா? நான் மேலே சொன்ன அதே 1973. பெண்களின் 35-ஆவது போட்டி 2016, கனெக்டிகட் தொடர்ந்து நான்காவது பட்டம் வாங்கிய வருஷம். ஆக, அதே வயதில் ஆண்கள் ஆட்டமும் ஒரே அணியின் கையில்தான் இருந்தது. நீங்கள் நாற்பது வருஷம் மூத்த மரத்தையும் இளைய மரத்தையும் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளக்கிறீர்கள். அந்த இளைய மரத்துக்குத் தண்ணீராவது ஒழுங்காக ஊற்றினார்களா? 1974-இல் 22 வயதில் டென்னசி அணிக்குப் பொறுப்பேற்ற பாட் சம்மிட், வீராங்கனைகளின் சீருடையைத் தானே துவைத்து, வேனையும் தானே ஓட்டிப் போனவர். அது பழைய கதை என்பீர்கள். சரி, 2021 என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆண்களுக்குப் பெரிய ஜிம் ஒன்றை அமைத்துக் கொடுத்தவர்கள் பெண்களுக்கு வைத்தது ஒரே ஒரு டம்பெல் அடுக்கு. ஒரு வீராங்கனை வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் அவசர அவசரமாகச் சரிசெய்தார்கள்.

அந்த டிக்கெட் 2016 மார்ச்சில் பிரிட்ஜ்போர்ட்டில் நடந்த ஆட்டத்துடையது. நாங்கள் அப்போது கனெக்டிகட்டில் இருந்தோம். எதிரணி மிசிசிப்பி ஸ்டேட். 98-38. அறுபது புள்ளி! நீங்கள் அன்று பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தை அப்போதே எழுதியிருப்பீர்கள். மகளுக்கு ஒன்பது வயது, கனெக்டிகட் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்தியவள், இடைவேளைக்கு அப்புறம் கை தட்டுவதையே நிறுத்திவிட்டாள். எதிரணி பெஞ்சில் ஒரு பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது காரில் கேட்டாள்: "அவங்க இனிமே எப்படிம்மா பிராக்டிஸுக்குப் போவாங்க?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழிந்தது. 2017 மார்ச் 31, டல்லஸில் அரையிறுதி. மறுபடியும் அதே இரண்டு அணிகள். ஆட்டம் ஓவர்டைமுக்குப் போய், 64-64 என்று நிற்கிறது, எங்கள் ஊரில் ராத்திரி வெகுநேரம் ஆகியிருந்தது, மகளைத் தூங்கப் போகச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. மிசிசிப்பி ஸ்டேட்டின் மார்கன் வில்லியம், 5 அடி 5 அங்குலம்தான், பந்தைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்து, சட்டென்று நின்று, தன்னைவிட உயரமானவளின் கைக்கு மேலே எறிந்தாள். பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு பலகையில் எரிந்துவிட்டது. உள்ளே போனது. 66-64. அந்த 111 அங்கே முடிந்தது.

மகள் சோஃபாவில் கவிழ்ந்து அழுதாள், அவளுடைய அணி அல்லவா தோற்றது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, டிவியில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்த அந்தப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள்:

"பிராக்டிஸுக்குப் போயிருக்காங்கம்மா."