நான்கு விரற்கடைப் பனிக்குத் திரும்பி வரலாமா?

கேள்வி: செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் நண்பர்கள் மூவருடன் கொலராடோவின் லாங்ஸ் சிகரத்துக்குப் போனேன். முதல் நாள் டென்வரில் வெறும் மழைதான். மேலே பாறைவெளியை அடைந்தபோது நான்கு விரற்கடைப் புதுப்பனி கிடந்தது. நான் கீஹோல் என்ற பாறைத் திறப்பு வரை போய்த் திரும்பிவிட்டேன். மற்றவர்கள் உச்சியைத் தொட்டுவிட்டு இருட்டிய பின் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். இன்றுவரை கேலி ஓயவில்லை. நான் திரும்பியது கோழைத்தனமா? காலணியில் மாட்டும் கிராம்பான் இருந்திருந்தால் ஏறியிருக்கலாமா? கீஹோல் அருகே பார்த்த கற்குடில் எதற்காகக் கட்டப்பட்டது?
– ஒரு வாசகர், டென்வர்

பதில்: கோழைத்தனம் அல்ல. பனி குறைவாக இருந்ததுதான் அங்கே ஆபத்து என்பதை உங்கள் நண்பர்கள் கவனிக்கவில்லை.

4,346 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில், கீஹோல் வரை இருப்பது நீண்ட நடைதான். அதைத் தாண்டி மலையின் மேற்குப் புறத்துக்குப் போனதும், கையும் காலும் ஊன்றி ஏறவேண்டிய பாறை வழி தொடங்கிவிடுகிறது. ஆழமாகப் படிந்து இறுகிய பனியில் காலணி முனையால் உதைத்துப் படி அமைக்கலாம்; பனிக்கோடரி கொண்டு சறுக்கலை நிறுத்தவும் வாய்ப்புண்டு. நான்கு விரற்கடைப் புதுப்பனியோ பாறையோடு ஒட்டாமல் மாவு தூவியதுபோல் மேலே கிடக்கும். கோடரி குத்தினால் அடியிலுள்ள கருங்கல்லில்தான் மோதும். கிராம்பானின் நிலையும் அதுவே: பனிக்கட்டியில் கடித்து நிற்கும் அந்த முட்கள் வழவழப்பான பாறையில் கிறீச்சிட்டு நழுவும். பழக்கமில்லாதவருக்கு அவை தம் கால்சட்டையிலேயே மாட்டிக்கொள்வதும் உண்டு.

பிடிமானம் தேடி ஒரு பாறை விளிம்பைக் கையுறையால் துடைத்துப் பாருங்கள்: பனி போய்விடும், ஆனால் அதன் அடியில் கண்ணாடிபோல ஒரு மெல்லிய படலம் மிஞ்சியிருக்கும். முதலில் பெய்த மழையோ உருகிய நீரோ இரவில் உறைந்து உண்டான பனிக்கட்டி அது. பத்துப் பிடிகளைத் துடைப்பதற்குள் கையுறை நனைந்து விரல்கள் மரத்துவிடும்; மரத்த விரலுக்குப் பிடி உறுதியா இல்லையா என்பதே தெரியாது. போதாக்குறைக்கு, வழிகாட்டுவதற்காகப் பாறைகளில் மஞ்சளும் சிவப்புமாக, நம் ஊர் ஆஃப்பாயிலைப் போலத் தீட்டியுள்ள வட்டக் குறிகளையும் பனி மூடிவிடும்.

நேரக் கணக்கும் தலைகீழாகும். கோடையில் பிற்பகல் இடிமின்னலுக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்பதற்காகத்தான் எல்லோரும் நள்ளிரவுக்குப் பின் டார்ச் வெளிச்சத்தில் கிளம்புகிறார்கள். ஆனால் மேற்குச் சரிவில் காலை முழுவதும் வெயில் படாது என்பதால், சீக்கிரம் போகிறவர் மிகவும் வழுக்கலான பொழுதில்தான் அங்கே இருப்பார். உச்சிக்குக் கீழேயுள்ள ஹோம்ஸ்ட்ரெச் என்ற சாய்ந்த பாறைப்பரப்பு தெற்கு நோக்கியது. அங்கே பகலில் உருகும் நீர் மாலையில் மறுபடி உறையத் தொடங்கும். காலையில் ஏறிய அதே பாறையில், கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாமல், உங்கள் நண்பர்கள் அந்த வேளையில்தான் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் பத்திரமாக வந்தது மகிழ்ச்சியே. ஆனால் அதை வைத்து அந்த முடிவு சரி என்று வாதிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கற்குடிலைப் பற்றிக் கேட்டீர்கள். 1925 ஜனவரியில் ஆக்னஸ் வெய்ல் என்ற மலையேறி, வால்டர் கீனருடன் கிழக்கு முகத்தின் வழியாக உச்சியை அடைந்தார். உச்சியைத் தொட்டாயிற்று, வடக்குப் புறமாக இறங்கும்போது வழுக்கி விழுந்து, மேற்கொண்டு நடக்க முடியாமல் குளிரில் உறைந்து இறந்தார். மீட்கப் புறப்பட்டவர்களில் ஹெர்பர்ட் சார்ட்லண்டும் உயிரிழந்தார். வெய்லின் நினைவாக 1927-இல் எழுந்ததே அந்தக் குடில்.

மறுபடி முயல நினைத்தால், பனி பெய்த மறுநாளே கிளம்பாதீர்கள். ராக்கி மலைத் தேசியப் பூங்கா நிர்வாகம் வெளியிடும் வழித்தட நிலவரத்தில் கீஹோலுக்கு அப்பால் பாறை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். நகரத்தின் வானிலை அறிக்கை இதற்கு உதவாது. செப்டம்பரில் விழுந்த பனி நிழலான இடுக்குகளில் அந்த ஆண்டு முழுதும் தங்கிவிடக்கூடும் என்பதால், அடுத்த ஆண்டு ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ போவது நல்லது. நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பனி மூடியிருந்ததால் அவர்கள் பார்க்கத் தவறிய வட்டக் குறிகளை நீங்கள் காட்டலாம்.