கொசுவுக்குள்ள ஒரு பாக்டீரியா: வாசகர் கேள்வி பதில்

டெங்கு பரவாம இருக்க ஏடிஸ் கொசுவுக்குள்ள வோல்பாக்கியாங்கிற பாக்டீரியாவ ஏத்துற புதுச்சேரி ஆராய்ச்சி பத்தி போன இதழ்ல ஒரு சின்ன துணுக்குதான் போட்டோம், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு எதிர்பார்க்கல. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிருக்கேன்.

கே: சார், பாக்டீரியா ஏத்துன கொசுவ வளர்த்து ஊருக்குள்ள விடப்போறாங்கன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது. இருக்கிற கொசு பத்தாதா? நிஜமா, வதந்தியா? (வாசகர், தாம்பரம்)

ப: பாதி நிஜம். ஐசிஎம்ஆர்னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட, புதுச்சேரில இருக்கிற விசிஆர்சிங்கிற கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம், இந்த மாதிரி ஏடிஸ் கொசுவ லேப்ல உருவாக்கிட்டோம்னு 2022 ஜூலைல அறிவிச்சாங்க. வெளிய விடணும்னா அரசாங்க அனுமதி வேணும்னு அப்பவே சேர்த்துதான் சொன்னாங்க, மெசேஜ்ல அந்த வரிய மட்டும் யாரோ வெட்டிட்டாங்க.

பாக்டீரியா பேரு வோல்பாக்கியா. 1924ல அமெரிக்காவுல ஹெர்டிக், வோல்பாக்னு ரெண்டு பேரு வீட்டுக் கொசுவோட உடம்புக்குள்ள பார்த்தது. பூச்சி இனங்கள்ல ஏறக்குறைய பாதிக்கு இது இயற்கையாவே இருக்கு, பழ ஈ, பட்டாம்பூச்சி, தட்டான், நம்ம சாக்கடையில வளர்ற கியூலெக்ஸ் கொசுன்னு பெரிய லிஸ்ட்டு. ஆனா டெங்கு பரப்புற ஏடிஸ் எஜிப்டிக்கு இயற்கையில இது கிடையாது. அதனால ஆஸ்திரேலியாவுல ஸ்காட் ஓநீல்னு ஒரு விஞ்ஞானியோட டீம் என்ன பண்ணாங்கன்னா, பழ ஈக்குள்ள இருந்த வோல்பாக்கியாவ எடுத்து, முடியவிட மெல்லிசான கண்ணாடி ஊசியால ஏடிஸ் முட்டைக்குள்ள ஏத்துனாங்க, முட்டையோ ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, குத்துனா நிறைய செத்துடும், பொழைச்சதுலயும் பாக்டீரியா தங்காது, இப்படியே பல வருஷம் ஓடி கடைசியில ஒருவழியா ஒட்டிக்கிச்சு. ஒருதடவ ஒட்டிக்கிட்டா அப்புறம் கவலையில்ல, தாய்க்கொசு மூலமா முட்டைக்குப் போயிட்டே இருக்கும். 2011 ஜனவரில கெய்ர்ன்ஸ் நகரத்துப் பக்கம் முதல்முதலா வெளிய விட்டாங்க.

வோல்பாக்கியா உள்ள இருந்தா டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள்ள சரியா பெருக முடியாது. கொசுவோட செல்லுல இருக்கிற கொழுப்பு ரெண்டுக்குமே வேணும், வைரஸ் வர்றதுக்குள்ள இது பந்தியில உக்காந்து இலைய வழிச்சிடுது. கொசுவோட எதிர்ப்பு சக்தியையும் கொஞ்சம் தூண்டி விடுதாம்.

கே: அண்ணே, எங்க யீஷூன் புளோக்குல டப்பாவ திறந்து திறந்து கொசுவ பறக்க விடுறாங்க. வோல்பாக்கியான்னுதான் சொல்றாங்க, ஆனா இது கொசுவ ஒழிக்கிற திட்டமாம். நீங்க எழுதினது வேற மாதிரி இருக்கே? (வாசகி, சிங்கப்பூர்)

ப: சூப்பர் கேள்வி தங்கச்சி, இந்தக் குழப்பம் பேப்பர்ல எழுதுறவங்களுக்கே இருக்கு. பாக்டீரியா ஒண்ணுதான், திட்டம் ரெண்டு.

வோல்பாக்கியா இருக்கிற ஆண் கொசு, அது இல்லாத பெண் கொசுவோட சேர்ந்தா முட்டை பொரிக்காது. பெண்ணுகிட்ட வோல்பாக்கியா இருந்தா, ஆண் எதுவா இருந்தாலும் முட்டை பொரிக்கும், குஞ்செல்லாம் வோல்பாக்கியாவோட வரும். இந்த ஒரே விஷயத்த வச்சுத்தான் ரெண்டு ஆட்டமும்.

உங்க ஊர்ல 2016லேர்ந்து தேசியச் சுற்றுப்புற வாரியம் ஆண் கொசு மட்டும் விடுது. ஊர்ல இருக்கிற பெண் கொசு அதோட சேர்ந்து வெத்து முட்டையா போடும், கொசு எண்ணிக்கை சரியும். ஆண் கொசு கடிக்காது, செடியோட சாறு குடிச்சுட்டு கிடக்கும். பெண்ணு தப்பித்தவறி கலந்துடக்கூடாதுன்னு கூட்டுப்புழுவா இருக்கும்போதே சைஸ் பார்த்து சலிச்சு எடுக்கிறாங்க, பெண்ணுதான் பெருசா இருக்கும். அப்படியும் ஒண்ணு ரெண்டு தப்பிச்சா அது முட்டை வைக்கக்கூடாதுன்னு லேசா எக்ஸ்ரேயும் அடிக்கிறாங்க. நிறுத்தினா பழைய கொசு திரும்பி வந்துடும், அதனால விட்டுட்டே இருக்கணும், காசு உள்ள ஊருக்குத்தான் கட்டுப்படியாகும்.

கெய்ர்ன்ஸ்ல பண்ணது ஆண் பெண் ரெண்டையும் விடுறது. கொசு குறையாது. ஆனா கொஞ்ச மாசத்துல ஊர்க்கொசுவெல்லாம் வோல்பாக்கியா கொசுவா மாறிடும், கடிக்கும், டெங்கு பரப்புறதுதான் குறையும். புதுச்சேரி மையம் தயார் பண்ணி வச்சிருக்கிறது இந்த வழிக்குத்தான்.

கே: இதெல்லாம் லேப்ல நல்லாதான் இருக்கும். ஜனங்க வாழுற ஊர்ல வேலை செஞ்சுதா? (வாசகர், மதுரை)

ப: செஞ்சிருக்கு. இந்தோனேசியாவுல யோக்யகர்த்தா நகரத்த 24 பகுதியா பிரிச்சு, குலுக்கல் முறையில 12ல மட்டும் விட்டாங்க. வீட்டு ஓரமா ஒரு சின்ன வாளி, உள்ள தண்ணி, வோல்பாக்கியா உள்ள ஏடிஸ் முட்டை, கொஞ்சம் மீன் தீனி, மூடியில ஓட்டை, அவ்ளோதான், ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வந்து மாத்திட்டுப் போவாங்க. அப்புறம் காய்ச்சல்னு கிளினிக் வந்தவங்கள டெஸ்ட் பண்ணி பார்த்தா, விட்ட பகுதியில டெங்கு 77 சதவீதம் கம்மி, ஆஸ்பத்திரியில சேர்றது 86 சதவீதம் கம்மி. 2021ல ரிசல்ட் வந்துச்சு. தலைமை தாங்கினது அடி உதரினின்னு கஜா மடா பல்கலைக்கழக பேராசிரியை. என்னை அசத்துனது அந்த நம்பர் இல்ல, வீட்டு முன்னாடி கொசு முட்டை வாளி வைக்க ஜனங்கள சம்மதிக்க வச்சாங்க பாருங்க, அதுதான்.

கே: அந்தக் கொசு கடிச்சா பாக்டீரியா நமக்கு ஏறாதா? யானைக்கால் புழுவுலயும் இதே பேரு படிச்ச ஞாபகம். (வாசகர், கும்பகோணம்)

ப: ஏறாது. மனுஷ உடம்புல அதுக்குப் பிழைப்பு கிடையாது. ராத்திரி உங்களக் கடிக்கிற கியூலெக்ஸ்ல ஏற்கனவே இது இருக்கு, ஆயுசுக்கும் கடி வாங்கிட்டுதான இருக்கோம்.

உங்க ஞாபகமும் கரெக்ட்டு. யானைக்கால் புழுவுக்குள்ளயும் வோல்பாக்கியா இருக்கு, அது இல்லாம அந்தப் புழுவால குட்டி போட முடியாது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை சில வாரம் குடுத்தா பாக்டீரியா செத்து புழு மலடாகிடும். கொசுவுக்குள்ள போய் நமக்கு உதவுறதும் அதே குடும்பம்தான், புழுவுக்குள்ள உக்காந்து அதை வாழ வைக்கிறதும் அதே குடும்பம்தான். நாமளே போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்க வேணாம், டாக்டர் சொல்லணும்.

கே: ஜீன் மாத்துன கொசுவா இது? (வாசகி, ஈரோடு)

ப: இல்ல. கொசுவோட ஜீன்ல கை வைக்கல.

கே: நம்ம ஊரு வெயிலுக்கு அந்த பாக்டீரியா தாங்குமா? (வாசகர், வேலூர்)

ப: வேலூர்க்காரர் கேட்கவேண்டிய கேள்விதான். பழ ஈலேர்ந்து எடுத்த வகை சூட்டுக்கு ஆகாது, வெயில்ல கொதிக்கிற தண்ணியில கொசுப்புழு வளர்ந்தா பாக்டீரியா பாதி காணாம போயிடும். ஆசிய புலிக்கொசுகிட்டேர்ந்து எடுத்த இன்னொரு வகை தாங்குது, கோலாலம்பூர்ல அதத்தான் விட்டாங்க. புதுச்சேரில ரெண்டு வகையுமே கையில இருக்கு. நம்ம மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க் பக்கம் எது நிக்கும்னு விட்டுப் பார்த்தாத்தான் தெரியும்.

கே: எழுபதுகள்ல டெல்லி பக்கம் இதே மாதிரி கொசு விடப்போய் பெரிய ரகளை ஆச்சே, அத ஏன் எழுதல? (மூத்த வாசகர், மயிலாப்பூர்)

ப: ஐயா, உங்க நினைவாற்றலுக்கு ஒரு கும்பிடு. உலக சுகாதார நிறுவனமும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து டெல்லில ஒரு கொசு ஆராய்ச்சி யூனிட் நடத்துனாங்க, பணம் அமெரிக்காவோடது. அதுக்கு முன்னாடி 1967ல ரங்கூன் பக்கத்துல ஓக்போங்கிற கிராமத்துல, ஹான்னஸ் லாவென்னு ஜெர்மன்காரர் ஆண் கொசுவ விட்டே யானைக்கால் கொசுவ ஒழிச்சுக் காட்டியிருந்தாரு, அந்தத் தெம்புல ஆரம்பிச்சது. சோனிபத்ல ஏடிஸ் கொசுவ விட ரெடியா இருந்த நேரத்துல, இது உயிரியல் போர் ஒத்திகைன்னு பேப்பர்ல வந்து பார்லிமென்ட் வரைக்கும் போச்சு, 1975ல யூனிட்டையே மூடிட்டாங்க. சந்தேகப்பட்டது தப்புன்னு நான் சொல்லமாட்டேன், வெளிநாட்டுப் பணத்துல நம்ம ஊர்ல கொசு விட்டா யாரா இருந்தாலும் கேட்பாங்க. முன்கூட்டியே ஜனங்ககிட்ட உக்காந்து பேசல, அதுக்கு விலை ஒரு நல்ல ஆராய்ச்சி.

கே: அப்போ இது வந்துட்டா வாரா வாரம் தொட்டி கழுவ வேணாம்ல? (இல்லத்தரசி, திருப்பூர்)

ப: ஆசை தோசை! அது வர்ற வரைக்கும் கழுவணும், வந்தாலும் கழுவணும். தண்ணிய கொட்டினா மட்டும் போதாதும்மா, ஏடிஸ் தண்ணி மட்டத்துக்கு மேல சுவர்லதான் முட்டைய ஒட்டி வைக்கும், காஞ்சு மாசக்கணக்கா கிடந்தாலும் தண்ணி பட்டதும் பொரிச்சிடும், அதனால பிரஷ் போட்டு உள்பக்கத்த நல்லா தேய்ச்சு விடுங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டையும் சேர்த்து.