உள்ளூர் வானொலியில் ஊர் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: பெயர் உள்ளூர் செய்தி வானொலி, உள்ளே ஊர் இல்லை. ஒத்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: ஊர்ச் செய்தி வருவதே இல்லை என்று நிலையத்துக்குப் பலமுறை எழுதிவிட்டோம். "எங்கள் நிகழ்ச்சிகள் எல்லாம் நேயர்களுக்காகவே" என்று ஒரே பதில்தான் வருகிறது. இதற்கு மேல் என்ன செய்வது?

பதில்: "வருவதே இல்லை" என்ற குறைக்கு அப்படித்தான் பதில் வரும். முதலில் கணக்கெடுங்கள். எந்த விசேஷமும் இல்லாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்தல் வாரத்திலும் புயல் வாரத்திலும் எந்த நிலையமும் ஊரைப் பற்றிப் பேசும். அந்தக் கணக்கு உங்களுக்கு எதிராகவே போகும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 முதல் 8 வரை, மாலை 5 முதல் 6 வரை, ஞாயிறன்று ஏதாவது ஒரு மணி நேரம். மொத்தம் 11 மணி நேரம். மூன்று பேர் பங்கு போட்டுக் கேட்டால் சுமை தெரியாது.

நோட்டில் ஐந்து பத்தி போடுங்கள்: தேதி, மணி, செய்தி எதைப் பற்றி, எத்தனை வினாடி, எந்த வகை. வகைக்கு ஓரெழுத்து போதும். ஊர் என்றால் 'ஊ', பக்கத்து மாவட்டம் வரை 'வ', நாடும் உலகமும் 'நா', விளம்பரமும் நிலைய முழக்கமும் 'வி'. 'ஊ' விழுந்த ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் இன்னொரு குறிப்பு எழுதுங்கள்: அதில் ஊர்க்காரர் யாருடைய குரலாவது கேட்டதா? செய்தியாளர் விசாரித்த தடயம் உண்டா, இல்லை அலுவலக அறிக்கையை அப்படியே வாசித்தார்களா? ஊர்ப் பெயரைச் சொல்வது வேறு, ஊரைப் பற்றிச் செய்தி சேகரிப்பது வேறு. நிலையங்கள் முன்னதைக் காட்டித்தான் தப்பிக்கும்.

இரண்டு இடங்களில் கணக்கு தவறும். ஒரே செய்தி 7, 7.30, 8 என்று மூன்று அறிக்கையில் வந்தால் நிலையம் அதை மூன்றாக எண்ணும். நீங்கள் "ஒரு செய்தி, மூன்று முறை" என்று எழுதுங்கள். அடுத்தது, எதை வைத்து வகுப்பது என்பது. ஒரு மணி நேரத்தில் விளம்பரமும் முழக்கமும் 16 நிமிடம் போனால் மீதி 44. ஊர்ச் செய்தி 4 நிமிடம் என்றால் 44-இல் அது 9 விழுக்காடு. 60-ஐ வைத்து வகுத்தால் 7-க்கும் குறைவு. எதை வைத்து வகுத்தீர்கள் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். செயலி வழியாகக் கேட்காமல் வானொலிப் பெட்டியில் கேளுங்கள். இணைய ஒலிபரப்பில் விளம்பர இடைவேளையை மாற்றிப் போடும் நிலையங்கள் உண்டு. நேரக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: அறிவிப்பாளர் எங்கள் ஊர்ப் பெயரை அடிக்கடி சொல்கிறார். ஆனால் தெருப் பெயர்களைத் தப்பாக உச்சரிக்கிறார். அவர் இங்கேதான் இருக்கிறாரா?

பதில்: இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டும் விளம்பரமும் கணினியில் வரிசையாக இருக்கும். இடையில் வரும் பேச்சை மட்டும் அறிவிப்பாளர் முன்கூட்டியே பதிவு செய்து வைப்பார். பல மணி நேர நிகழ்ச்சியின் பேச்சை இப்படி ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஒரே ஆள் ஐந்தாறு ஊர்களுக்குப் பேசலாம். ஊர்ப் பெயர் மட்டும் மாறும். செய்தியும் அப்படியே: ஒரு மையச் செய்தி அறை பல நிலையங்களுக்கு எழுதி வாசித்து அனுப்பும்.

கண்டுபிடிக்க வழி உண்டு. சரியான மணி சொல்லாமல் "இந்த இனிய காலையில்" என்று நழுவுவார். வெளியே கொட்டும் மழையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. நேயர் அழைப்பு எடுக்க மாட்டார். சந்தேகம் என்றால் நிகழ்ச்சி நேரத்தில் நிலைய எண்ணுக்கு "முக்கியச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது" என்பது போன்ற உண்மையான தகவலை அனுப்பி, அது ஒலிபரப்பில் வருகிறதா என்று கேளுங்கள். சோதனைக்காகப் பொய்த் தகவல் மட்டும் வேண்டாம்.

இது வெறும் ரசனைக் குறை அல்ல. 2002 ஜனவரி 18 அதிகாலை, அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் நகருக்கு அருகே சரக்கு ரயில் தடம் புரண்டு அமோனியா வாயு பரவியது. ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். நகரின் ஆறு வணிக வானொலிகளும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. காவல்துறை தொலைபேசியில் அழைத்தபோது எடுக்க ஆள் இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காவல்துறையின் அவசர எச்சரிக்கைக் கருவிதான் வேலை செய்யவில்லை என்று நிறுவனம் மறுத்தது. எது சரியானாலும், இரவு 2 மணிக்கு நிலையத்தில் யார் இருக்கிறார்கள், அவசரத்தில் எந்த எண்ணை அழைப்பது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சட்டப்படி உள்ளூர் நிகழ்ச்சி இவ்வளவு தர வேண்டும் என்று விதி இருக்கிறதா?

பதில்: நாட்டைப் பொறுத்தது, உரிமத்தின் வகையைப் பொறுத்தது. முதலில் உங்கள் நிலையம் வணிக வானொலியா, சமுதாய வானொலியா (ஒரு பகுதி மக்களுக்காக லாப நோக்கமின்றி நடப்பது), அரசு வானொலியா என்று பாருங்கள்.

இந்தியாவில் சமுதாய வானொலிக்கு விதி தெளிவாக இருக்கிறது: குறைந்தது 50 விழுக்காடு நிகழ்ச்சி அந்த மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். எனவே புகாரை அதற்குள் கொடுத்துவிடுங்கள். தனியார் பண்பலை நிலையம் சொந்தச் செய்தி ஒலிபரப்ப முடியாது, ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் தரலாம். ஆனால் போக்குவரத்து, வானிலை, மின்தடை, குடிநீர் விநியோகம், தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, ஊர்த் திருவிழா போன்றவை விதிப்படி செய்திக் கணக்கில் சேராது. "எங்களுக்குச் செய்தி அனுமதி இல்லை" என்று சொல்லி இவற்றையும் விட்டுவிடும் நிலையத்துக்கு இந்தப் பட்டியலை எழுதி அனுப்புங்கள்.

பிரிட்டனில் சமுதாய வானொலிகள் ஒவ்வொன்றுக்கும் 'முக்கிய உறுதிமொழிகள்' என்ற பத்திரம் உண்டு. அந்நாட்டு ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அதை வெளியிடுகிறது. உங்கள் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலையங்கள் பதிவை 42 நாள் வைத்திருக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி ஆஃப்காமிடம் புகார் செய்ய 20 வேலை நாள். பி.பி.சி. என்றால் முதலில் பி.பி.சி.யிடமே போக வேண்டும். அதன் உள்ளூர் வானொலிகள் 2023 முதல் வார நாட்களில் பிற்பகல் 2 மணிக்குப் பின் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் பகிர்ந்துகொள்கின்றன. அது நிர்வாக முடிவு. அறிவிப்பாளரைத் திட்டி எழுதிப் பயனில்லை.

அமெரிக்காவில் ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. பொதுவாக நிகழ்ச்சி உள்ளடக்கத்தில் தலையிடாது. ஆனால் பெரும்பாலான நிலையங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஊரின் எந்தெந்தப் பிரச்சினைகளுக்கு எந்த நிகழ்ச்சி, எந்த நாள், எத்தனை நிமிடம் தந்தோம் என்ற பட்டியலை இணையத்தில் பொதுக் கோப்பில் போட வேண்டும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 10-ஆம் தேதிக்குள் வரும். அதைத் திறந்து நேரத்தைப் பாருங்கள். ஊர் நிகழ்ச்சி என்று எழுதியது ஞாயிறு விடியற்காலையில் ஒளிந்திருக்கலாம். வேறெங்கோ தயாரித்து வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். உரிமம் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அப்போது நேயர்கள் ஆட்சேபம் பதிவு செய்யலாம். கணக்கு நோட்டு அன்றுதான் கைகொடுக்கும்.

கேள்வி: புகார்க் கடிதத்தை எப்படி எழுதுவது?

பதில்: ஒரு பக்கம், அதிகம் போனால் 250 சொல். அறிவிப்பாளருக்கு எழுதாதீர்கள், அவர் கையில் அதிகாரம் இல்லை. நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கோ செய்தி ஆசிரியருக்கோ எழுதி, நிலைய மேலாளருக்கு நகல் அனுப்புங்கள். முதல் இரண்டு வரியில் கணக்கு. அடுத்து, அந்த வாரம் ஊரில் நடந்தும் வானொலியில் வராத மூன்று விஷயங்கள், தேதியோடு: நகர்மன்றக் கூட்டம், பள்ளி விடுமுறை, பேருந்துத் தட மாற்றம். கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. "ஊருக்கு முக்கியத்துவம் கொடுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. "நகர்மன்றக் கூட்டத்துக்கு மறுநாள் காலை 7.30-க்கு மூன்று நிமிடம் தர முடியுமா? முடியாது என்றால் காரணம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள், ஆம், இல்லை இரண்டில் ஒன்று வந்தே தீரும்.

நாற்பது பேர் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் அதை ஒரு கடிதமாகத்தான் பார்ப்பார்கள். ஒரே கோரிக்கையை ஆளுக்கொரு காரணம் சொல்லி ஆறு பேர் எழுதுங்கள், அது கனக்கும். மூன்று வாரம் பொறுங்கள். பதில் இல்லையென்றால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டல், அதன் பிறகே ஒழுங்குமுறை அமைப்பு. பிரிட்டனின் 20 வேலை நாள் போன்ற கெடு இருந்தால் மட்டும் அதைத் தாண்ட விடாதீர்கள். முதல் கடிதத்திலேயே அவர்களுக்கு நகல் போட்டால் நிலையத்தில் அது வழக்கறிஞர் மேசைக்குப் போய்விடும். உங்களோடு பேச நினைத்தவர்கள்கூட வாய் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: "செய்தியாளர் வைக்கப் பணம் இல்லை" என்கிறார்கள். உண்மைதானே?

பதில்: பல நிலையங்களுக்கு உண்மை. ஊர்ச் செய்தி சேகரிக்க ஆள் வேண்டும்; மையத்திலிருந்து வரும் அறிக்கை மலிவு. ஆனால் செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. நகர்மன்றம், பள்ளி, மின்வாரியம், மருத்துவமனை என்று பத்துத் தொலைபேசி எண்கள். தினமும் காலை 6-க்கு ஒருவர் அவற்றை அழைத்துக் கேட்டால் 90 வினாடிச் செய்தி கிடைத்துவிடும். சம்பந்தப்பட்டவரின் குரலைக் கைபேசியில் 20 வினாடி பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். அமைதியான அறை, வாயிலிருந்து ஒரு சாண் தூரம், மின்விசிறி நிறுத்தம். அவ்வளவு போதும், ஒலிபரப்பலாம். பெயரையும் எண்ணையும் சரிபார்க்காமல் மட்டும் போடக்கூடாது. அந்தச் சரிபார்ப்புக்குப் பொறுப்பான ஆள் நிலையத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நேயர்கள் உதவ முன்வந்தால் தகவல் தரலாம்; எதை ஒலிபரப்புவது என்ற முடிவு ஆசிரியருடையது. ஒரு கடைக்காரர் செலவை ஏற்கிறார் என்றால் அவர் பெயரை நேர அறிவிப்போடு சொல்லட்டும், அவர் கடையைப் பற்றிய செய்தியாக வேண்டாம்.

கேள்வி: நாட்டு, உலகச் செய்தியை அடியோடு நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அந்தச் செய்தி ஊரைத் தொடும் இடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். எரிபொருள் விலை ஏறினால் உள்ளூர்ப் பேருந்துக் கட்டணம் என்ன ஆகும் என்பதை அந்த மையச் செய்தி அறை ஒருநாளும் விசாரிக்காது.