மழைக்காட்டில் ஒளிந்து வாழும் பறவையை எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

நான் திருகோணமலை ஆள். எங்கள் பக்கம் பறவை பார்ப்பது சோம்பேறி வேலை. குச்சவெளிப் பக்கம் களப்போரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றால் போதும், கொக்கும் நாரையும் உள்ளானும் வெட்டவெளியில்தான் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு கண்ணை மட்டும் நம்பிச் சிங்கராஜ வனத்துக்குப் போனதுதான் நான் விட்ட முதல் பிழை.

நான் தேடிப் போனது ஒரு குட்டி ஆந்தை. சிங்களத்தில் பண்டுவன் பஸ்ஸா, ஆங்கிலத்தில் செரண்டிப் ஸ்கொப்ஸ் அவுல். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயக் காடுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. தீபால் வாரகாகொட என்பவர் 1995இல் கித்துல்கலைக் காட்டில் இரவில் தனக்குப் பிடிபடாத ஒரு குரலைக் கேட்கிறார், பறவைக் குரல்களைப் பதிவு செய்வதிலேயே ஊறிப்போன மனிதர் அவர், அவருக்கே அந்தக் குரலுக்குரிய ஆளைச் சிங்கராஜவில் நேரில் காண 2001 ஜனவரி 23 வரை ஆகிவிட்டது. 2004இல்தான் புதிய இனம் என்று முறைப்படி விவரித்தார்கள். அதற்கு முன் இலங்கையில் புதிய பறவை இனம் ஒன்று அகப்பட்டது 1868இல்! சிங்கராஜவில் மரம் வெட்டுவதை எதிர்த்துப் போராடிய தீலோ ஹொஃப்மனின் பெயரைத்தான் இதன் விஞ்ஞானப் பெயரில் வைத்திருக்கிறார்கள்.

ஆறு வருடம் காதால் மட்டும் தெரிந்த பறவை. இதை வாசித்துவிட்டும் நான் காதைத் தீட்டாமல் பெரிய கெமராவோடு போனேன் பாருங்கள்.

முதல் தடவை குடாவ பக்கம் காட்டோரத்து வீடொன்றில் தங்கி, இரவு முழுக்க முற்றத்தில் குந்தியிருந்து, ஏதோ ஒன்று விட்டு விட்டுக் கத்துவதைப் போனில் பதிவு செய்தேன். எனக்குப் பெரிய புளுகம். காலையில் வழிகாட்டித் தம்பியிடம் போட்டுக் காட்டினால் அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு "கெம்பா, மாத்தயா" என்றான். தவளை. அன்று அட்டைக்கு இரத்தம் கொடுத்ததுதான் மிச்சம்.

ஊருக்கு வந்து ஆறேழு மாதம் வேறு வேலையே பார்க்கவில்லை என்று மனைவி சொல்லுவாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் ஊர் உவர்மலை மரங்களில் இருக்கும் நத்து என்கிற இன்னொரு குட்டி ஆந்தை ஒரே சீராகக் கத்திக்கொண்டே போகும், பண்டுவன் அப்படியில்லை. மெல்லிய, நடுங்குகிற ஒற்றை ஒலி, பிறகு நீண்ட அமைதி. முதல் ஒலி காதில் விழுந்ததா இல்லையா என்று நீங்கள் யோசித்து முடிக்கும்போதுதான் அடுத்தது வரும். அந்த இடைவெளிதான் உண்மையான அடையாளம் என்பேன்.

இரண்டாம் தடவை இரவில் அந்தக் குரல் கேட்டது, திசையைக் குறித்துக்கொண்டோம். காலையில் அதே தம்பி எங்களைப் பாதையில் நிற்கச் சொல்லிவிட்டுப் புதருக்குள் தனியே நுழைந்தான். அரை மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு சின்ன விசில். போய்ப் பார்த்தால் மூங்கிலும் பன்னமும் சிக்கிக் கிடந்த இடத்தில், என் இடுப்பு உயரத்தில், காய்ந்த இலைக் கொத்து. அவன் விரலை நீட்டிக் காட்டியும் எனக்குத் தெரியவில்லை. இலைக் கொத்து ஒரு கண்ணைப் பாதி திறந்த பிறகுதான் தெரிந்தது. என் போனின் நீளம் இருக்கும், அவ்வளவுதான். நான் முந்தின தடவை முழுக்க அண்ணாந்து மர உச்சிகளையே பார்த்துக்கொண்டு நடந்தவன்.

பார்த்ததும் முதலில் தலையைப் பாருங்கள். நத்துக்குக் காதுபோலத் தூக்கிய இறகுகள் உண்டு, இதற்கு இல்லை, தலை மொழுமொழுவென்று இருக்கும். உடம்பு செம்பழுப்பு, அதில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், வால் கட்டை. நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். செம்பழுப்பில் வேறொரு குட்டி ஆந்தையும் நாட்டில் உண்டு, ஆனால் அதற்குக் காதிறகு இருக்கும், உடம்பில் கோடுகளும் ஓடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கிற வேலை வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று நினைத்து அது பதறும். ஏற்கெனவே அழியும் ஆபத்தில் இருக்கிற இனம், நம் படத்துக்காக அதை ஏன் அலைக்கழிக்க வேண்டும்?

போவதென்றால் ஜனவரி முதல் மார்ச் வரை பரவாயில்லை, மழை கொஞ்சம் குறைவு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அது உங்களுக்கு நல்லதுதான். அட்டை ஏறாமல் தடுக்கும் காலுறை இரண்டு சோடி கொண்டு போங்கள், ஒரு சோடி கட்டாயம் நனையும்.