பெஞ்சை எடுத்துவிடாதீர்கள்

அன்புள்ள அக்கா,

திருச்சியில் வீட்டு முன்னறையில் உல்லன், காட்டன் நூல், குரோஷா ஊசி விற்கும் சின்னக் கடை வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. வருகிறவர்கள் உட்காரட்டும் என்று ஒரு பெஞ்ச் போட்டேன். இப்போது அதுதான் தொல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள், தப்பாகப் போட்டதைப் பிரித்துச் சரிசெய்து தரச் சொல்கிறார்கள், கடைசியில் 40 ரூபாய்க்கு ஓர் உருண்டை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். எந்த ஊசி சரியாக வரும் என்று என்னிடம் கேட்டுவிட்டு, என் எதிரிலேயே ஆன்லைனில் ஆர்டர் போட்டவரும் உண்டு. "பெஞ்சைத் தூக்கு, சொல்லித் தருவதற்குக் காசு வாங்கு" என்கிறார் என் கணவர். நீங்கள் ஒயர் கூடை, குரோஷா பற்றியெல்லாம் எழுதுவதால் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள தோழி,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதற்கு முன் ஒரு பச்சை ஸ்வெட்டர் கதை.

அப்பாவுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று பின்ன ஆரம்பித்தேன். நூல் வாங்கிய கடை பெரியது. எத்தனை உருண்டை வேண்டியிருக்கும் என்று கேட்டதற்கு, போனிலிருந்து தலையைத் தூக்காமலே "ஆறு போதும்" என்றார் கடைக்காரர். நெஞ்சு வரை வந்ததும் நூல் தீர்ந்துவிட்டது. திரும்பப் போய் இரண்டு வாங்கினேன். "அதே கலர்தான் மேடம்." டியூப் லைட்டில் அதே கலராகத்தான் இருந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு காலை வெயிலில் இறங்கினார் பாருங்கள், மார்புக்குக் குறுக்கே கோடு. கீழே ஒரு பச்சை, மேலே ஒரு பச்சை. தொட்டிச் சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் மாதிரி. கேட்டவர்களிடமெல்லாம் "டிசைன்" என்று சொல்லிக்கொண்டு பல வருடம் அதையே போட்டார் மனுஷர்.

உங்களுக்குத் தெரிந்ததுதான்: கலர் நம்பர் ஒன்றாக இருந்தாலும், சாயம் தோய்க்கும் ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு துளி மாறும். அதற்குத்தான் லேபிளில் லாட் நம்பர் போடுகிறார்கள். எனக்கு அதைச் சொன்னவர், பிற்பாடு நான் போக ஆரம்பித்த கோயம்புத்தூர் கடை அக்கா. அவரிடம் நூல் கேட்டால் உடனே எடுத்துத் தரமாட்டார். யாருக்கு, என்ன அளவு, எதைப் பார்த்துப் போடுகிறாய் என்று விசாரணை நடக்கும். பிறகு அதே லாட்டில் இரண்டு உருண்டை கூடுதலாக எடுத்து, பையில் போட்டு, பெயர் எழுதி அலமாரியில் வைத்துவிடுவார். மூன்று மாதம் அது நம்முடையது. பிரிக்காமல் லேபிளோடு இருக்கும் முழு உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வார். லாட் மாறிப்போனால் என்ன செய்வது என்பதும் அவர் சொன்னதே: பழையதில் இரண்டு வரி, புதியதில் இரண்டு வரி என்று மாற்றி மாற்றிப் போட்டால் கோடு தெரியாது.

ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து எட்டாம் நம்பர் நிட்டிங் ஊசி கேட்டாள். அக்கா கேட்ட முதல் கேள்வி: "வீடியோக்காரம்மா எந்த ஊரு கண்ணு?" அமெரிக்கா. அங்கே எட்டு என்றால் 5 மில்லிமீட்டர். நம் பழைய கடைகளில் புழங்கும் இங்கிலாந்து நம்பரில் எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அதை வாங்கிப் போயிருந்தால் சட்டை அவள் தம்பிக்குத்தான் ஆகியிருக்கும். குரோஷாவில் இன்னும் மோசம், அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் பின்னல்தான் இங்கிலாந்துக்காரர்களுக்கு டபுள். இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருப்பதால்தான் அது கடை.

சரி, காசு விஷயம். ஊசி பிடிப்பதிலிருந்து சொல்லித் தருவது வகுப்பு. அதற்குக் கட்டணம் வாங்குங்கள், சனிக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து என்று நேரமும் வையுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்கள் கணவர் சொன்னதில் சரியான பாதி இதுதான். நழுவிய கண்ணியை எடுத்துத் தருவது வேறு. பதினாலு வரி கீழே இறங்கிவிட்ட கண்ணியைக் குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக ஏணி ஏற்றி அக்கா மேலே கொண்டுவருவார், பேச்சை நிறுத்தாமலே. அதற்கு அவர் வைத்த விலை: "என்கிட்ட வாங்கின நூல்னா ஓசி. வேற எங்கயோ வாங்கினதுன்னா டீ வாங்கிக் குடு."

எல்லாவற்றையும் அவரே செய்யவும் மாட்டார். பெஞ்சில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தினமும் இருப்பார். "டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று தள்ளிவிட்டு அக்கா கல்லாவைக் கவனிப்பார். டீச்சருக்கும் அது வேண்டியிருந்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்கிற கைவேலை இது, கூடச் செய்ய ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் துண்டு துண்டாகப் போட்ட போர்வைகளைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டருக்கு விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்களே, அவ்வளவு பேரும் அதற்கு முன் அவரவர் வீட்டு மூலையில் பின்னிக்கொண்டிருந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் பெஞ்சுக்கு ஒரு வியாதி உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு கடையில், தினமும் வரும் மூன்று பேர் புதிதாக வந்த பெண்ணின் கோணல் தொப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பெண்ணை நான் அப்புறம் அங்கே பார்க்கவில்லை. எங்கள் அக்கா கடையில் வாசலில் நிழல் விழுந்தாலே "தள்ளி உக்காருங்க" என்று சத்தம் வரும்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டவரை விட்டுவிடுங்கள். திருச்சி வெயிலுக்குக் காட்டன் நூலைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் வரும் வேலை இருக்கிறது. பாதியில் சிக்கலாகிக் கிடக்கும் சால்வை ஒன்றைக் கொண்டுவருகிறேன். நூல் வேறு இடத்தில் வாங்கியது, அதனால் டீ என் செலவு.

அன்புடன்,
அக்கா